சதுப்பு நிலத்தில் ராஜாவின் பழத்தோட்டம்: வக்கீல் வேலையை விட்டு மரம் வளர்க்கப் போன லா கேந்தினி

சுவரோடு ஒட்டி, இரண்டு பக்கமும் கை விரித்தாற்போல் கிளை பரப்பி நிற்கும் பழமரங்களைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். மரம் என்றால் நாலாபக்கமும் கிளை விடும். இது மட்டும் புத்தகத்துக்குள் வைத்து அழுத்திய இலை மாதிரி தட்டையாக இருக்கும். இதற்கு எஸ்பாலியர் என்று பெயர். குளிர் நாடுகளில் சின்ன வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் இன்றும் இதை விரும்பிச் செய்கிறார்கள். ஒரு சுவரும் ஒரு முழ அகல மண்ணும் இருந்தால் ஒரு பேரி மரம் வளர்த்துவிடலாம்.

இந்த வித்தையைக் கண்டுபிடித்தவர் இன்னார் என்று ஒருவரைக் கைகாட்ட முடியாது. பிரான்சில் 1652-லேயே லெஜாந்தர் என்ற பாதிரியாரின் பெயரில் இதுபற்றிப் புத்தகம் வந்துவிட்டது. ஆனால் எந்தச் சுவருக்கு எந்த மரம், எந்தக் கிளையை எவ்வளவு வெட்டணும், ஏன் வெட்டணும் என்று காரணத்தோடு சொல்லி, அதை ஒரு பெரிய தோட்டத்திலேயே செய்துகாட்டியவர் ஜான் பாப்டிஸ்ட் தெ லா கேந்தினி. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் தோட்டக்காரர். தோட்டக்காரர் குடும்பத்தில் பிறந்தவர் இல்லை. படித்தது சட்டம்.

வக்கீலுக்கு மண் பிடித்தது எப்படி?

1626-ல் மேற்கு பிரான்சில் உள்ள சபனே என்ற சிற்றூரில் பிறந்தார். புவாத்தியே நகரில் சட்டம் படித்து, பாரிஸுக்கு வந்து வக்கீலானார். நன்றாகப் பேசக்கூடியவர் என்று பெயர் எடுத்தார். அரசுக் கணக்கு மன்றத்தின் தலைவர்களில் ஒருவரான தாம்போனோ அவரைக் கவனித்து, தன் மகனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியராக வீட்டுக்கே அழைத்துக்கொண்டார்.

அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு லா கேந்தினி இத்தாலி போனார். பெரிய வீட்டுப் பிள்ளைகள் படிப்பு முடியும் நேரத்தில் இத்தாலி போய் வருவது அன்றைய வழக்கம். பையன் அங்கே என்ன கற்றானோ தெரியாது; வாத்தியாருக்குத் தோட்டப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஏற்கெனவே கொலுமெல்லா, வர்ரோ, வெர்ஜில் என்று பழைய ரோமானியர்கள் விவசாயம் பற்றி எழுதியதையெல்லாம் படித்திருந்தார். புத்தகத்தில் படித்ததை இத்தாலியத் தோட்டங்களில் கண்ணால் பார்த்ததும் பாரிஸ் நீதிமன்றம் மறந்தே போச்சு.

திரும்பி வந்ததும் தாம்போனோ தன் வீட்டுத் தோட்டத்தை அவர் கையில் கொடுத்து, உங்கள் இஷ்டம்போல் செய்துபாருங்கள் என்று விட்டுவிட்டார். இந்த ஒரு தாராள மனசு இல்லையென்றால் இந்தக் கதையே இல்லை. சோதனை செய்ய இடமும், தப்பு நடந்தால் கோபிக்காத முதலாளியும் கிடைப்பது லேசான விஷயமா?

அங்கே அவர் செய்த சோதனைகளில் ஒன்று பின்னாளில் ரொம்பப் பேசப்பட்டது. மரக்கன்றை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் நடும்போது, வேரில் இருக்கும் மெல்லிய நார்களை அப்படியே காப்பாற்றி நடவேண்டும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. அவர் நட்ட மரங்களைத் தோண்டிப் பார்த்தார். பழைய நார்வேர்கள் எல்லாம் காய்ந்து கிடந்தன. மரத்துக்கு உயிர் கொடுத்தது நட்ட பிறகு புதிதாக விட்ட வேர்கள்தான். அதனால் காயப்போகிற நாரை வெட்டிவிட்டு நடுவதே மேல் என்றார். சிண்ட்ரெல்லா கதையை எழுதிய ஷார்ல் பெரோ, தன் காலத்துப் பெரிய மனிதர்கள் பற்றி எழுதிய நூலில் லா கேந்தினிக்கும் இடம் கொடுத்தார்; இந்த வேர் விஷயத்தையும் அதில் சேர்த்திருக்கிறார்.

இன்னொன்று நிலா. வளர்பிறையில் நடு, தேய்பிறையில் வெட்டு என்று நம் ஊரில் சொல்வதுபோல் அங்கேயும் தோட்டக்காரர்கள் பிறை பார்த்துத்தான் கத்தியை எடுப்பார்கள். லா கேந்தினி பல வருஷம் பிறையைக் குறித்துவைத்து, விளைச்சலையும் பார்த்துவந்தார். கடைசியில், இதில் ஒன்றுமில்லை, நல்ல நாளும் நல்ல ஈரமும் பார்த்து வேலையைச் செய்யுங்கள் என்று எழுதிவிட்டார். 17-ஆம் நூற்றாண்டில் இப்படி எழுதத் தைரியம் வேண்டும்.

முதலாளி ஜெயிலுக்கு, தோட்டக்காரர் ராஜாவிடம்

பேர் பரவியது. மன்னரின் நிதியமைச்சர் ஃபூக்கே, வோ-லெ-விகோன்த் என்ற இடத்தில் பெரிய மாளிகை கட்டிக்கொண்டிருந்தார். அங்கே காய்கறி, பழத் தோட்டம் லா கேந்தினி பொறுப்பு. 1661 ஆகஸ்ட்டில் ஃபூக்கே மன்னருக்கு அங்கே ஒரு விருந்து வைத்தார். அமைச்சர் வீடு தன் வீட்டைவிட ஜோராக இருப்பதைப் பார்த்த லூயிக்கு அது பொறுக்கவில்லை. மூன்றே வாரத்தில் ஃபூக்கே கைது. சாகும்வரை சிறைதான். மாளிகை கட்டிய ஆட்களை மட்டும் மன்னர் விடவில்லை. கட்டடக் கலைஞர் லெ வோ, ஓவியர் லெ ப்ரன், பூந்தோட்டம் அமைத்த லெ நோத்ர், கூடவே லா கேந்தினி என எல்லோரையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

1670-ல் அரச மாளிகைகளின் பழத் தோட்டங்களுக்கும் காய்கறித் தோட்டங்களுக்கும் அவரை இயக்குநராக நியமித்தார்கள். நடுவில் இங்கிலாந்துக்கும் போய்வந்தார். அங்கேயே இருந்துவிடுங்கள் என்று இரண்டாம் சார்லஸ் மன்னர் கேட்டதாகச் சொல்வார்கள். இவர் மசியவில்லை.

நாறும் குட்டை

வெர்சாயில் லூயியின் அப்பா காலத்துக் காய்கறித் தோட்டம் ஒன்று இருந்தது. அரண்மனை பெருத்துக்கொண்டே போக, அது போதவில்லை. 1678-ல் புதுத் தோட்டத்துக்கு உத்தரவு வந்தது. இடம்தான் வயிற்றில் புளியைக் கரைத்தது. அரண்மனைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சதுப்பு நிலம். ஊர்க்காரர்கள் அதற்கு வைத்திருந்த பெயரே நாற்றக் குட்டை என்பதுதான்.

மரம் வளர்ப்பதில் மண்ணைத் தேர்வு செய்வதுதான் முதல் வேலை, மற்றதெல்லாம் அப்புறம் என்பது லா கேந்தினியின் கொள்கை. வேறு நல்ல இடம் அவர் கண்ணில் பட்டிருந்தது. ஆனால் ராஜாவுக்கு அரண்மனையிலிருந்து நடந்துபோய்ப் பார்க்கிற தூரத்தில் தோட்டம் வேண்டும். அவ்வளவுதான். யாரும் எங்கேயும் கிடைக்கவேண்டாம் என்று நினைக்கும் மண்ணே தனக்குக் கிடைத்தது என்று பின்னாளில் வருத்தத்தோடு எழுதினார். மன்னர் பெயரைச் சொல்லித் திட்ட முடியாது; மண்ணைத்தான் திட்ட முடியும்.

வேலை 1683 வரை நடந்தது. தண்ணீர் வடிய மண்ணுக்கடியில் கல் வாய்க்கால் கட்டினார்கள். பக்கத்திலேயே சுவிஸ் காவல் படையினர் ஒரு பெரிய ஏரி வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த மண் இங்கே வந்து குழியை நிரப்பியது. மேலே போட நல்ல மண் சத்தோரி குன்றிலிருந்து வந்தது. அப்படியும் மழை பெய்தால் குழம்பாகிவிடும். பாத்திகளை நடுவில் உயர்த்தி, ஆமை ஓடு மாதிரி இரண்டு பக்கமும் சரியவிட்டுத் தண்ணீரை வடித்தார். மொத்தச் செலவு பத்து லட்சம் லீவ்ர் நாணயத்துக்கும் மேல்.

இந்தப் பணத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிவிட்டு நகர்வது சரியாக இருக்காது. வெர்சாய் கட்டுமானத்தில் காய்ச்சலிலும் விபத்திலும் செத்த கூலியாட்கள் ஏராளம். 1678-ல்தான் மதாம் தெ செவின்யே என்ற பிரபு குலப் பெண்மணி, இறந்தவர்களை ராத்திரியோடு ராத்திரியாக வண்டியில் ஏற்றிக்கொண்டுபோவதைப் பற்றித் தன் கடிதத்தில் எழுதினார். அது இந்தத் தோட்டம் தொடங்கிய அதே வருஷம்.

சுவர்கள்தான் தோட்டம்

தோட்டம் சுமார் 9 ஹெக்டேர், அதாவது 22 ஏக்கர். நடுவில் 3 ஹெக்டேரில் பெரிய சதுரம். அதை 16 பாத்திகளாகப் பிரித்து, மத்தியில் வட்டமாக ஒரு தண்ணீர்த் தொட்டி. இங்கே காய்கறி. அதைச் சுற்றி, உயரமான மதில்கள் எழுப்பி, தனித்தனி அறைகள் மாதிரி 29 குட்டித் தோட்டங்கள். கட்டடம் அரண்மனைக் கட்டடக் கலைஞர் ஆர்துவான் மான்சார்.

ஒரே மதில் போட்டு வளைத்திருக்கலாமே, எதற்கு இத்தனை தடுப்பு? இங்கேதான் எஸ்பாலியரின் சூட்சுமம் இருக்கிறது. கல் சுவர் பகலில் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு ராத்திரியில் வெப்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். காற்றையும் தடுக்கும. பேரி, பீச் மரங்கள் பூக்கும் வசந்த காலத் தொடக்கத்தில் ஒரே ஒரு உறைபனி ராத்திரி போதும், அந்த வருஷத்துப் பழம் மொத்தமும் போச்சு. சுவரோரம் இருக்கும் மரம் பெரும்பாலும் தப்பிக்கும். சுவர் அதிகம் என்றால் மரத்துக்கு இடமும் அதிகம். அதைவிட முக்கியம், சுவர் பார்க்கும் திசைகளும் அதிகம்.

பாரிஸ் பக்கத்தில் சூரியன் வருஷம் முழுக்கத் தெற்கே சாய்ந்துதான் உச்சிக்கு வரும். அதனால் தெற்குப் பார்த்த சுவர்தான் தோட்டத்தின் ராஜ இருக்கை. அதை அத்திக்கும் பீச்சுக்கும் மஸ்கட் திராட்சைக்கும் கொடுத்தார்கள். காலை வெயில் விழும் கிழக்குச் சுவர் பீச்சுக்கும் ஆப்ரிகாட்டுக்கும் பேரிக்கும் ஒத்துவரும். மேற்கிலும் பேரி வரும். வடக்குப் பார்த்த சுவரில் வெயில் தேவை குறைந்த, தாமதமாகப் பழுக்கிற வகைகள். ஒரே வகைப் பேரியை இரண்டு திசைச் சுவரில் வைத்தால் இரண்டும் வேறு வேறு வாரத்தில் பழுக்கும். ராஜாவின் மேஜையில் பழம் தீராமல் இருக்க இதுவும் ஒரு தந்திரம்.

எந்த மரம்?

வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு லா கேந்தினியின் புத்தகத்தில் ரொம்பப் பயன்பட்ட பகுதி இதுவாகத்தான் இருக்கும். உங்களிடம் ஒரே ஒரு பேரி மரத்துக்கு இடம் இருந்தால் எதை நடுவீர்கள்? இரண்டுக்கு இடம் இருந்தால்? மூன்றுக்கு? இப்படி ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே நூற்றுக்கணக்கில் போகிறார். ஒரு வக்கீல் சாட்சிகளை நிறுத்தி விசாரிப்பது மாதிரி ஒவ்வொரு பேரியின் ருசி, பருமன், எத்தனை நாள் கெடாமல் இருக்கும், எந்த மாதம் தின்னலாம் என்று வாதாடுகிறார். முதலிடம் போன் க்ரெத்தியான் என்ற குளிர்காலப் பேரிக்கு. பறித்து வைத்தால் குளிர்காலம் தாண்டியும் தாங்கும். பழமே இல்லாத மாதங்களில் தின்னக் கிடைப்பதுதான் உண்மையான சொத்து என்பது அவர் கணக்கு. ஒரே சமயத்தில் பழுத்துக் கொட்டும் பத்து வகையைவிட, மாறி மாறிப் பழுக்கும் நாலு வகை மேல்.

பேரியை எந்த அடிச்செடியில் ஒட்டுக் கட்டுவது என்பதும் முக்கியம். பேரியின் மேலேயே ஒட்டினால் மரம் பெரிதாகும், சுவரில் அடங்காது, காய்க்கவும் வருஷமாகும். சீமைமாதுளை எனப்படும் குயின்ஸ் செடியில் ஒட்டினால் மரம் குட்டையாக நிற்கும், சீக்கிரம் காய்க்கும். ஆனால் வறண்ட, மெலிந்த மண்ணில் குயின்ஸ் தாக்குப்பிடிக்காது. அங்கே பேரி அடிச்செடிதான் சரி. இன்றைக்கும் எஸ்பாலியர் பேரிக்குக் குயின்ஸில் ஒட்டிய கன்றுதான் பெரும்பாலும் விற்கிறார்கள்.

கவாத்து என்ற கணக்கு

மரத்தைத் தட்டையாக்குவது எப்படி? சுவரில் மரச்சட்டத் தட்டி அடிப்பார்கள். அடிமரத்தைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி நட்டு, தலைப்பகுதியைச் சுவர் பக்கம் சாய்ப்பார்கள்; வேர் வெளிப்பக்கம் நல்ல மண்ணுக்குள் ஓடும். நட்ட கன்றைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் குட்டையாக வெட்டிவிட வேண்டும். அப்போதுதான் அடியிலிருந்தே இரண்டு பக்கமும் கிளை வரும். முன்பக்கம் நீட்டுவதையும் சுவரை முட்டுவதையும் எடுத்துவிட்டு, பக்கவாட்டில் போவதை மட்டும் விசிறி மாதிரி விரித்து, வில்லோ மரத்தின் மெல்லிய வளாரால் தட்டியில் கட்டுவார்கள்.

இன்று படங்களில் பார்க்கிறோமே, குத்துவிளக்கு மாதிரியும் இரண்டு முனை முள்கரண்டி மாதிரியும் கச்சிதமான வடிவங்கள், அவையெல்லாம் பெரும்பாலும் அவருக்குப் பின்னால், முக்கியமாக 19-ஆம் நூற்றாண்டில் வளர்ந்தவை. லா கேந்தினி அழகுக்காக மரத்தை வளைக்கவில்லை. சுவரில் வெற்றிடம் இருக்கக் கூடாது, கிளை மேல் கிளை ஏறக் கூடாது, காய்க்க வேண்டும். அவர் பார்த்த அழகு இவ்வளவுதான்.

அவர் கிளைகளை வகை பிரித்தார். மரத்தைக் கட்டுகிற கிளை வேறு, பழம் தருகிற கிளை வேறு. திடீரென்று கிளம்பி, சத்தையெல்லாம் உறிஞ்சி நெட்டுக்குத்தாக வளரும் தடித்த கிளை இன்னொரு ரகம். பார்க்கத் தளதளவென்று இருக்கும், பழம் ஒன்றுகூடத் தராது. பலமான கிளையைக் குட்டையாக வெட்டு, பழம் தரும் மெல்லிய கிளையை நீளமாக விடு என்பது அவர் முறை. பார்க்க வாட்டசாட்டமாக இருப்பதை விட்டுவிட்டு, சவலையாக இருப்பதை வெட்டித் தள்ளுவதுதான் எல்லோரும் செய்கிற வேலை. அப்படிச் செய்தால் சுவர் நிறைய இலை மட்டும் மிஞ்சும்.

கிளையைப் படுக்கவைத்தால் ஏன் அதிகம் காய்க்கிறது என்பதற்கு இன்றைய தாவரவியல் விளக்கம் சொல்கிறது. நுனிக் கொழுந்தில் உருவாகும் ஆக்ஸின் என்ற ஹார்மோன் கீழே உள்ள மொட்டுகளை அடக்கிவைக்கும். கிளையைச் சாய்க்கும்போது அந்த அடக்குமுறை தளர்கிறது, வளர்ச்சி வேகமும் குறைகிறது, பக்க மொட்டுகள் பூமொட்டாக மாற வாய்ப்புக் கூடுகிறது. ஒரு பக்கம் மரம் சோனியாக இருந்தால் அந்தக் கிளையைக் கொஞ்சம் நிமிர்த்திக் கட்டு, மறுபக்கத்துப் பலசாலியைத் தாழ்த்திக் கட்டு என்று தோட்டக்காரர்கள் இன்றும் சொல்வதன் அடிப்படை இதுதான்.

மரத்துக்கு மரம் கணக்கு மாறும். பேரி பல வருஷம் ஒரே குட்டைக் கிளையில் காய்க்கும். பீச் போன வருஷத்துக் கிளையில்தான் காய்க்கும். அதனால் வருஷா வருஷம் பழசை எடுத்துப் புதுசு வரவைக்க வேண்டும். ஒரே சுவர் என்பதற்காக ஒரே மாதிரி வெட்டினால் இரண்டில் ஒன்று கெட்டுப்போகும்.

மார்ச் மாதத்தில் ஸ்ட்ராபெர்ரி

ராஜாவுக்கு அத்தி என்றால் உயிர். பாரிஸ் குளிர் அத்திக்கு ஆகாது. லா கேந்தினி நூற்றுக்கணக்கான அத்தி மரங்களைப் பெட்டிகளில் வளர்த்து, குளிர்காலத்தில் கட்டடத்துக்குள் நகர்த்திவிடுவார். ஜூனிலேயே அத்தி மேஜைக்கு வந்தது. குதிரை லாயத்துச் சாணத்தைச் சூடாகக் குவித்து, அதன்மேல் மண் போட்டு, கண்ணாடிக் கூண்டு கவிழ்த்து, டிசம்பரில் ஆஸ்பராகஸ், ஜனவரியில் லெட்டூஸ் கீரை, மார்ச் கடைசியில் ஸ்ட்ராபெர்ரி, ஏப்ரலில் பச்சைப் பட்டாணி என்று பருவத்தையே முன்னால் இழுத்தார். பட்டாணிப் பித்து அவர் இறந்த பிறகும் அரசவையில் அடங்கவில்லை.

பெரிய சதுரத்தைச் சுற்றி மேடை கட்டியிருந்தது. மன்னர் அதன்மேல் நடந்தபடி கீழே வேலை செய்கிறவர்களைப் பார்ப்பார். அவரே கவாத்துக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொண்டார் என்றும் சொல்வார்கள். உலகத்தையே வளைக்க நினைத்தவர் ஒரு பேரிக் கிளையை வளைத்துப் பார்த்திருக்கிறார்!

1687-ல் லா கேந்தினிக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தது. மறு வருஷம், 1688 நவம்பரில், 62-வது வயதில் வெர்சாயிலேயே இறந்துபோனார். அவர் மனைவியிடம் மன்னர், நம் இருவருக்குமே ஈடுகட்ட முடியாத நஷ்டம் என்ற பொருளில் ஆறுதல் சொன்னதாகப் பதிவு இருக்கிறது.

எழுதிக்கொண்டிருந்த புத்தகம் கையெழுத்துப் பிரதியாகக் கிடந்தது. பழத்தோட்டம், காய்கறித் தோட்டம் பற்றிய அந்தப் பெரிய நூலை 1690-ல் மகன் மிஷேல் வெளியிட்டார். மூன்றே வருஷத்தில் ஜான் ஈவ்லின் பெயரில் ஆங்கிலத்திலும் வந்தது. அரண்மனை இல்லாத, ஒரு சுவரும் நாலு மரமும் வைத்திருந்தவர்கள் கைக்கு அது போய்ச் சேர்ந்தது இப்படித்தான்.

தோட்டம் பிரெஞ்சுப் புரட்சியையும் தாண்டி நிற்கிறது. 1873-லிருந்து அங்கே தோட்டக்கலைப் பள்ளி நடந்தது. இப்போது நிலத்தோற்றக் கலைப் பள்ளி இருக்கிறது. லா கேந்தினிக்கு வெண்கலச் சிலை உண்டு. மன்னர் வந்துபோன இரும்புக் கதவு அப்படியே இருக்கிறது. மதில்களில் பேரி மரங்கள் இன்னும் தட்டையாகத்தான் நிற்கின்றன. பருவத்தில் விளைகிற பழத்தையும் காயையும் தோட்டத்துக் கடையிலேயே விற்கிறார்கள்.